நடு அறையில் இருந்தது

என் வேலையைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அப்போதுதான் நான் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவள் இல்லை என்பது உங்களுக்குப் புரியும். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வருகிற புகார்களை வீட்டிலிருந்தபடியே போனில் கேட்பது என் பிழைப்பு. "மேடம், மெஷின் தானா நடந்து வாசல் வரைக்கும் வந்துடுச்சு" என்பார்கள். "தரை சமமா இருக்கா பாருங்க" என்பேன். "யாரும் தொடாமலே ஓடுது" என்பார்கள். "டைமர் வெச்சிருப்பீங்க" என்பேன். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று ஊருக்கே சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அப்படிப்பட்டவளுக்கே இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது.

நள்ளிரவு, காற்று, நாய் ஊளை என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நடந்தது பட்டப்பகலில். ஆரம்பித்தது வைஃபையில்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்த இடத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தார். இரண்டாவது முறை, லிஃப்டின் மேல்தட்டில் நின்றுகொண்டிருக்கும்போது. கூட இருந்தவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்ததால் ஆள் மிஞ்சினார். இதயம் அவ்வப்போது சில நொடிகள் நின்று போகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பும் அந்தப் பெட்டி வழியாக, வைஃபையில், ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே ஒரு நர்ஸ் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கோளாறு தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸ்.

"ஒரு மாசம் பாத்துட்டு, பேஸ்மேக்கர் வேணுமான்னு முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர். "ஆனா கனெக்‌ஷன் மட்டும் அந்து போகக் கூடாதும்மா."

எங்கள் வீட்டில் இல்லாதது அந்தக் கனெக்‌ஷன்தான். இரண்டு மாதம் முன்பு வாடகைக்கு வந்த பழைய வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். முன்னால் ஹால், அடுத்து நடு அறை, கடைசியில் சமையலறை. நடு அறையிலிருந்து படிக்கட்டு ஏறினால் மேலே ஒரே ஓர் அறை. குளியலறை அதையொட்டித்தான் இருந்தது. படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அவரை மேலேயே படுக்க வைத்திருந்தோம். வைஃபை ஹாலில் இருந்தது. சுவர்கள் முழங்கை நீளத்துக்குத் தடிமன். மேல் அறையில் ஒரு படம் அனுப்பினால், அது போய்ச் சேர்வதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம்.

உதவிக்கு அவர் தம்பியைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் கடையில் வேலை. சின்ன வயதில் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "இப்ப தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவானாம். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் ஆன்டெனாதான்.

வந்ததும் என் கையில் போனைக் கொடுத்து, வீடு முழுக்க நடக்கச் சொன்னான். திரையில் சிக்னல் எண்ணாகத் தெரிந்தது. ஹாலில் எண்பது. நடு அறை வாசலில் அறுபது. படிக்கட்டுக்கு முன்னால் வந்ததும் சரசரவென்று இறங்கி, இருபது.

"மனுஷ உடம்பு பூரா தண்ணிதானே அண்ணி, அது சிக்னலைக் குடிச்சிடும்" என்றான் ஆன்டெனா. "நடுவுல ஆள் நின்னா குறையும். இப்ப நான்தான் நிக்கிறேன்."

"அப்ப நகரு."

"நகர்ந்துட்டேனே."

நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்தான். எனக்கும் ஹாலுக்கும் நடுவில் ஈ, காக்கை இல்லை. எண் இருபதிலேயே நின்றது. பிறகு மெதுவாக, யாரோ வழிவிட்ட மாதிரி, அறுபதுக்கு ஏறியது.

"சுவத்துக்குள்ள கம்பி இருக்கும்" என்றான். இருக்கும் என்றேன் நானும். பிழைப்பே அதுதானே.

மறுநாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் எட்டுக்கால் பூச்சியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பெரிய ரவுட்டரைக் காட்டி, இது ஒன்று போதும், மூன்று வீட்டுக்குப் பாயும் என்று காதில் பூச்சுற்றினார். உங்கள் சுவருக்கு அது பாயாது என்றான் ஆன்டெனா. சிக்னலை வாங்கி மறுபடி வீசுகிற எக்ஸ்டெண்டர் மலிவாக இருந்தது. ஆனால் வேகம் பாதியாகும், அடிக்கடி விட்டு விட்டுப் பிடிக்கும். சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்க வீட்டு ஓனர் சம்மதிக்க மாட்டார். கடைசியில் மெஷ் என்கிற மூன்று பெட்டி செட்டில் வந்து நின்றோம். ஹாலில் ஒன்று, நடு அறையில் ஒன்று, மேலே ஒன்று. ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றி, வீடு முழுக்க ஒரே சிக்னலாகக் கொண்டுபோகும். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளில் திருப்பிக் கொடுக்கலாம்.

அதில் கூடுதலாக ஒரு வசதி இருந்தது. ஆள் நடந்தால் சிக்னல் கலங்கும் அல்லவா? அதை வைத்தே எந்த அறையில் அசைவு, எத்தனை பேர் என்று போனுக்குச் சொல்லிவிடும். கேமரா கிடையாது. அவர் மேலே விழுந்துவிட்டால் கீழே எனக்குத் தெரியுமே என்ற ஒரே ஆசையில் நான் பேரம்கூடப் பேசவில்லை. நான் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அந்த வசதியை ஓட்ட முதலில் காலி வீட்டை அதற்குக் காட்ட வேண்டும். எல்லோரும் வெளியேறி, இரண்டு நிமிடம் காத்திருந்தால், மேஜை நாற்காலி எல்லாம் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும். அவருக்குப் பட்டை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளாகப் பார்த்து அதை வைத்துக்கொண்டோம். அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் காரில் உட்கார வைத்தாயிற்று. கதவைப் பூட்டியாயிற்று. தெருவில் நின்று ஆன்டெனா பட்டனை அழுத்தினான்.

இரண்டு நிமிடம் கழித்துப் போனில் ஒரு வரி வந்தது.

'நடு அறையில் ஒருவர் இருக்கிறார். அவரை வெளியே வரச் சொல்லவும்.'

"ஃபேன் ஓடுதோ என்னவோ" என்றான். உள்ளே போய்ப் பார்த்தான். ஃபேன் ஓடவில்லை. பூனை இல்லை. ஜன்னல் திரையை இழுத்துக் கட்டிவிட்டு வந்தான். மறுபடி அழுத்தினான். மறுபடி அதே வரி. மூன்றாவது தடவையும் அதே.

கார்க்காரர் ஹாரன் அடித்தார். "என்னடா இன்னும்? அப்பாயின்ட்மென்ட் போயிடும்" என்று காருக்குள்ளிருந்து அவரும் சத்தம் போட்டார்.

"அண்ணி, இப்ப இருக்கிறதையே காலி வீடுன்னு ஏத்துக்கன்னு சொல்லவும் ஒரு பட்டன் இருக்கு."

"அப்புறம் என்ன? அழுத்து."

அழுத்தினான். 'நன்றி. இதுவே காலி வீடு' என்றது போன். அதன் பிறகு நடு அறையைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

நான்கு நாள் சொர்க்கம். மேல் அறையில் சிக்னல் சும்மா பாய்ந்தது. ஆஸ்பத்திரி நர்ஸே போன் செய்து, "கனெக்‌ஷன் சூப்பரா இருக்கு மேடம், எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். நான் சமையலறைக்குப் போனால், 'சமையலறை: ஒருவர்.' அவர் குளியலறைக்கு எழுந்தால், 'மேல் அறை: அசைவு.' கணக்குத் தப்பவே இல்லை.

ஐந்தாம் நாள். மதியம். அவர் சாப்பிட்டுவிட்டு மேலே தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஹாலில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தேன். தெருவில் நல்ல வெயில். போனில் ஒரு பெரியவர், துணி பிழியும்போது மெஷின் உறுமுகிறது என்று உறுமிக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போது என் செல்போன் 'டிங்' என்றது.

'நடு அறையில் வழக்கமாக இருந்த ஒரு பொருள் அகற்றப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை.'

இப்படி ஒரு கேள்வியை அது கேட்டதே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அலமாரி இருந்தது. இஸ்திரி மேஜை இருந்தது. இரண்டு நாற்காலியும் இருந்தன. எல்லாம் வைத்தது வைத்தபடி. 'இல்லை' என்று அழுத்தினேன்.

'டிங்.'

'படிக்கட்டு: அசைவு.'

அவர்தான் இறங்குகிறார் என்று நினைத்தேன். கோபம் வந்தது. மைக்கைப் பொத்திக்கொண்டு கத்தினேன். "இறங்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது!"

காலடிச் சத்தமே இல்லை. மரப்படி அது. பூனை ஏறினாலே முனகும்.

'டிங்.'

'மேல் அறை: இரண்டு பேர்.'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலமாரியும் மேஜையும் நகரவில்லை. காலி வீட்டைக் காட்டியபோது அந்த அறையில் ஒருவர் இருக்கிறார் என்று மூன்று தடவை சொன்னதே அது? நாங்கள்தானே அதன் வாயை அடைத்தோம்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். "ஹலோ... மேடம்... லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தப் பெரியவர் மேஜை மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

போனில் மேல் அறை மெஷ் பெட்டியின் சிக்னலைப் பார்த்தேன். எழுபது... நாற்பது... இருபது. பிறகு சிவப்பு.

செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

"மேடம், சார் பெட்டியிலேர்ந்து எதுவும் வரல. கனெக்‌ஷன் போயிடுச்சா?"

"பாக்குறேன்..."

"சீக்கிரம் பாருங்க."

நடு அறைக்குள் வந்தேன். அங்கிருந்த மெஷ் பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. மின்சாரம் இருந்தது. படிக்கட்டு எதிரே இருந்தது. அதில் கால் வைக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மேலேயிருந்து வந்தது.

க்ரீச்... க்ரீச்... க்ரீச்...

இரும்புக் கட்டிலின் சத்தம். புரண்டு படுத்தால் ஒரு தடவை கேட்கும். இது நிற்கவில்லை. ஒரே சீராக வந்தது. வர வர வேகமானது.

க்ரீச் க்ரீச் க்ரீச் க்ரீச்...

"என்னங்க..."

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது.

திறந்து வைத்துவிட்டு வந்த கதவு சாத்தியிருந்தது.

தள்ளினேன்.

சத்தம் நின்றது.

உள்ளே அவர் மட்டும்தான் இருந்தார். மல்லாந்து கிடந்தார். உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது.

மூச்சு இல்லை...

அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி அதுவரை நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஹ்ஹா..." என்று ஒரு பெரிய மூச்சு. கிணற்றில் முங்கியவர் மேலே வந்த மாதிரி. கண்ணைத் திறந்தார்.

"என்ன... ஏன் கத்துற..."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தேன். என் இன்னொரு கையில் செல்போன்.

'டிங்.'

'மேல் அறை: மூன்று பேர்.'

அவர் ஒருவர். நான் ஒருவர்.

திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு கணம் படவில்லை. பிறகு மறுபடி பட்டது.

'படிக்கட்டு: அசைவு.'

பிறகு ஒன்றும் வரவில்லை. மேல் அறை மெஷ் பெட்டி பச்சைக்கு மாறியது. நடு அறையில் எதுவும் குறைவதாக அது மறுபடி கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. வைஃபை இல்லாத நேரத்தில் துடிப்பையெல்லாம் அந்தச் சின்னப் பெட்டி தனக்குள்ளேயே பதிந்து வைத்திருந்ததாம். சிக்னல் வந்ததும் அனுப்பிவிட்டது. சாயங்காலம் டாக்டர் அந்தக் கோடுகளைத் திரையில் போட்டுக் காட்டினார். ஓர் இடத்தில் துடிப்பே இல்லை. அந்த இடம் முழுக்க ஒரே மாதிரி மேடு மேடாக இருந்தது.

"இதயம் நின்னுடுச்சும்மா. சாதாரணமா நிக்கிற மாதிரி ரெண்டு மூணு நொடி இல்ல. ஆளே போயிருக்கணும். இந்த மேடெல்லாம் என்ன தெரியுதா? நெஞ்சுல கைய வெச்சு அழுத்தினது. அதான் அவரை இழுத்துப் புடிச்சிருக்கு." என் முதுகில் தட்டினார். "எங்க கத்துக்கிட்டீங்க? நர்ஸுங்களே இவ்வளவு சீரா அழுத்த மாட்டாங்க."

என் வீட்டுக்காரர் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டியிருந்தது. நான் அழுத்தவே இல்லை என்று யாரிடம் சொல்வது? சொன்னால் அடுத்த கட்டிலில் என்னைப் படுக்க வைத்திருப்பார்கள்.

இரண்டு நாளில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீடு திரும்பினோம். இனி நெஞ்சில் பட்டையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், கனெக்‌ஷன் போனாலும் கவலையில்லை.

"அப்ப செட்டைத் திருப்பிக் குடுத்துடவா அண்ணி? நாள் இன்னும் இருக்கு" என்று கேட்டான் ஆன்டெனா.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றேன். முழு விலையையும் கட்டினேன்.

பயம் போய்விட்டது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே போய்விட்டது. அந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். என் புருஷன் உயிரைப் பிடித்து என் கையில் கொடுத்தவர்கள் அவர்கள். ஒரு நாள் நடு அறையில், படிக்கட்டுக்கு முன்னால் தனியாக நின்று, "நீங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்று வாய்விட்டே சொன்னேன். கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் நாற்காலி போடாமல் விட்டேன். அவர் மேல் அறையிலேயே தூங்கினார். நான் நிம்மதியாக வேலை பார்த்தேன். ஒரு மாதம் அப்படித்தான் போனது.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அவருடைய பதிவை மாணவர்களுக்குப் பாடம் நடத்த எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சம்மதம் சொல்லக் கையெழுத்துப் போட நான் மட்டும் போனேன். இதயக் கோடுகளைப் படிக்கிற டெக்னீஷியன், கண்ணாடி போட்ட சின்னப் பெண், என்னை உட்கார வைத்தாள்.

"டாக்டர் அன்னைக்கு அவசரத்துல இதயம் நின்ன இடத்தை மட்டும்தான் பாத்திருக்கார். நான் முழுசா பாத்தேன் மேடம். ஒண்ணு மட்டும் புரியல. உங்ககிட்டயே கேட்டுடலாம்னு..."

"கேளும்மா."

திரையில் கோடுகளைப் பின்னுக்கு நகர்த்தினாள். "இந்த இடம் பாருங்க. சார் தூங்கறாரு. இதயம் நல்லா துடிக்குது. ஒரு கோளாறும் இல்ல. இங்கதான் நீங்க அழுத்த ஆரம்பிச்சிருக்கீங்க. முதல்ல மெதுவா. அப்புறம் வேகமா. ரெண்டு நிமிஷம் ஆகுது... அதுக்கப்புறம்தான் இதயம் நிக்குது. நின்ன பிறகும் விடல."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லா தூங்கிட்டிருந்த மனுஷனை ஏன் மேடம் அழுத்தினீங்க?"

மதியம். அவர் அந்த நேரத்தில் மேல் அறையில்தான் படுத்திருப்பார். வராந்தாவுக்கு ஓடி வந்து போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது... கடைசி மணியில் எடுத்தார். எதுவும் கேட்காதீர்கள், செருப்புகூட வேண்டாம், தெருவுக்கு வாருங்கள் என்றேன். வண்டிச் சத்தம் காதில் விழும்வரை போனை வைக்கவில்லை.

அந்த வீட்டுக்குள் பிறகு நாங்கள் கால் வைக்கவில்லை. சாமான்களை ஆட்கள் எடுத்து வந்தார்கள். இப்போது இருப்பது ஒற்றை அறை. ஒரே ரவுட்டர் போதும்.

அவரிடம் காரணத்தை இன்றுவரை சொல்லவில்லை. இருமினால் அவருக்கு விலா இன்னும் வலிக்கிறது. வலிக்கும்போதெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னா அழுத்து அழுத்தியிருக்க நீ! நீ மட்டும் இல்லேன்னா..." என்று சிரிப்பார்.

நானும் "ம்" என்று சொல்லிவிடுவேன்.